அலைக்கு ஒரு முழக்கோல்

மின்சார இணைப்பு எதுவும் இல்லாமல் டியூப் லைட் எரிவதை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமல்ல, அந்த டியூப் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான்.

1974ஆம் வருஷம். திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலை. ரெயில்வே குடியிருப்பில் சித்தப்பா வீட்டுக் கொல்லை. இரவு எட்டு மணி இருக்கும். வேப்பமரத்துக்கும் ஒரு மூங்கில் கழிக்கும் நடுவே தாமிரக் கம்பி ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. கழிப் பக்கம் அது சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்த நுனிக்கு நேரே ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் பன்னிரண்டு வயசுப் பிள்ளையான என்னை ஏற்றி நிறுத்தியிருந்தார் சித்தப்பா. கையில் நாலடி டியூப்.

"டேய் தம்பி, கம்பியிலே படாமே பிடி! தொட்டியோ, சுட்டுடும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அடுத்த நிமிஷம் தந்திச் சாவியை அவர் தட்டினார் போலிருக்கிறது. என் கையிலிருந்த குழாய் பளிச்சென்று வெளுத்தது, அணைந்தது. மறுபடி வெளுத்தது, அணைந்தது. உள்ளே அவர் தட்டத் தட்ட, வெளியே என் கையில் வெளிச்சம் தாளம் போட்டது. அடுத்த வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலாக இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலையில் சித்தியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நேரே வந்து என் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டுப் போனாள்.

சித்தப்பா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீடு திரும்பினால் அவர் ஓர் அமெச்சூர் ரேடியோக்காரர். 'ஹாம்' என்பார்கள். மத்திய சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் வாங்கி, தம் கையாலேயே செய்த டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு ஊர் உலகத்தோடு தந்தி பாஷையில் பேசுகிற ஜாதி. பேசுகிற விஷயம் பெரும்பாலும் ஒன்றும் இராது. 'உங்கள் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது, என் சத்தம் உங்களுக்கு எப்படி?' என்பதுதான் அநேகமாக முழுச் சம்பாஷணையும். இதற்காகவா இவ்வளவு பாடு என்று சித்தி கேட்பாள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்தப் பாட்டில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. டிரான்ஸ்மிட்டர் கண்ணுக்குத் தெரியும். அதன் வால்வு சிவப்பதைப் பார்க்கலாம். கொல்லையில் தொங்கும் கம்பி இருக்கிறதே, அது வேலை செய்தாலும் கம்பிதான், செய்யாவிட்டாலும் கம்பிதான். அதிலிருந்து அலை புறப்பட்டதா, இல்லை உள்ளேயே செத்துப் போயிற்றா? மூக்குக்கு வாசனை இல்லை, காதுக்குச் சத்தம் இல்லை. அந்தக் காலத்தில் அளக்கிற கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சித்தப்பாவைப் போன்றவர்களால் ஆகிற காரியமில்லை. ஆகவே, அளக்கும் கருவியையும் அவரே செய்துகொண்டார். டியூப் லைட் அதில் முதலாவது. கம்பியின் இரு நுனிகளிலும் மின் அழுத்தம் உச்சமாயிருக்கும். அங்கே டியூப் எரியும். நடுவில் மின்னோட்டம் உச்சம்; அங்கே கம்பியின் ஒரு சாண் நீளத்துக்கு இரு பக்கமும் ஒரு டார்ச் பல்பை இணைத்தால் பல்பு எரியும். நுனியில் டியூபும் நடுவில் பல்பும் எரிந்தால், அந்த 20 மீட்டர்க் கம்பி 40 மீட்டர் அலைக்குச் சரியாக வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வித்தையைச் சித்தப்பாதான் கண்டுபிடித்தார் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோதுதான், இது ஒரு பெரிய வம்சத்துச் சொத்து என்று தெரிந்தது. அந்த வம்சத்தின் மூலபுருஷர் ஜெர்மனியில் இருந்தார்.

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1857இல் ஹாம்பர்க் நகரத்தில் பிறந்தவர். 1885இல் கார்ல்ஸ்ரூ என்ற ஊரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாக வெளியில் பரவ வேண்டும், அந்த அலை ஒளியின் வேகத்தில் போக வேண்டும் என்று இங்கிலாந்தில் கிளார்க் மாக்ஸ்வெல் 1865இலேயே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். அதைக் கண்ணால் பார்க்காமலே 1879இல் காலமாகியும் விட்டார். கணக்கு இருந்தது; அலையைப் பார்த்தவர் எவரும் இல்லை.

ஹெர்ட்ஸ் அதைப் பிடித்த கருவியைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு தாமிரக் கம்பி வளையம், அவ்வளவுதான். ஆரம் 35 சென்டிமீட்டர். வளையம் முழுசாக மூடாமல் ஓரிடத்தில் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நுண்ணிய திருகு. அறையின் ஒரு கோடியில் பெரிய தீப்பொறிகளைக் கக்கும் யந்திரத்தை ஓட்டிவிட்டு, மறு கோடியில் இந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், இடைவெளியில் ஒரு பொடிப் பொறி தாண்டும். எவ்வளவு பொடி? மில்லிமீட்டரை நூறு கூறு போட்டு, அதில் சில கூறு. அதைப் பார்க்க அறையை இருட்டாக்கிக்கொண்டு, இருட்டுக்குக் கண் பழகும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் கம்பி எதுவும் கட்டாமலே இங்கே பொறி தாண்டுகிறது! பொன்மலைப் பாட்டி அங்கே இருந்திருந்தால் பேராசிரியர் நெற்றியிலும் விபூதி ஏறியிருக்கும்.

பார்த்தால் போதுமா? அளக்க வேண்டாமா? 1888இல் கல்லூரியின் விரிவுரைக் கூடத்தையே பரிசோதனைச் சாலையாக ஆக்கினார். 15 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். ஒரு சுவரில் 4 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமுமாகத் துத்தநாகத் தகட்டை அடித்தார். அலை போய் அந்தத் தகட்டில் மோதித் திரும்பும். போகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்து ஓரிடத்தில் ஓங்கும், ஓரிடத்தில் அடங்கும். கிணற்றுக் கயிற்றை ஒரு கொம்பில் கட்டிவிட்டு மறுநுனியைத் தாளத்தோடு ஆட்டினால், கயிற்றில் சில இடம் துள்ளுவதையும் சில இடம் அசையாமல் நிற்பதையும் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. வளையத்தைத் தூக்கிக்கொண்டு தகட்டிலிருந்து அடி அடியாகப் பின்னால் நடந்தார். ஓரிடத்தில் பொறி வலுத்தது, ஓரிடத்தில் அற்றுப்போயிற்று, மறுபடி வலுத்தது. அற்றுப்போன இடத்துக்கும் அடுத்து அற்றுப்போன இடத்துக்கும் உள்ள தூரம் பாதி அலை. கணக்குப் பார்த்தார், முழு அலை ஏறக்குறைய 9.6 மீட்டர். ஒளிக்குச் சொந்தமான ஒரு வஸ்துவை, ஜவுளிக்கடையில் துணி அளக்கிற மாதிரி தரையில் கோல் போட்டு அளந்துவிட்டார் மனிதர்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

அந்தக் கூடத்தில் வாயு விளக்குகளும் குழாய்களும் தொங்கிக்கொண்டிருந்தன. உலோகமெல்லாம் அலையைக் குழப்பும் என்று அவற்றைக் கழற்றச் சொன்னார். இரண்டு பக்கமும் வரிசையாக இரும்புத் தூண்கள் நின்றன. தூணைக் கழற்றினால் கூரை விழுந்துவிடும். ஆகவே அந்த இரண்டு வரிசைகளையும் சுவர்களாகவே பாவித்து, நடுவில் மிஞ்சிய எட்டரை மீட்டர் அகலத்தில் வேலை செய்தார். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு பிசகு நேர்ந்தது. கம்பி வழியாக ஓடும் அலையையும் காற்றில் ஓடும் அலையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கம்பியில் ஓடுவது வெகுவாகப் பின்தங்குவதாக அவருடைய அளவு சொல்லிற்று. மாக்ஸ்வெல்லின் சித்தாந்தப்படி இரண்டும் ஒரே வேகத்தில் அல்லவா போக வேண்டும்? சித்தாந்தத்தை நிலைநாட்டப் புறப்பட்ட கருவியே சித்தாந்தத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஹெர்ட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அளவு சொன்னதை அப்படியே அச்சிட்டார். பின்னால், பாரீஸிலிருந்து பாயின்கரே அவருடைய கணக்கிலேயே ஒரு தப்பைச் சுட்டிக் காட்டினார். அதையும் ஒப்புக்கொண்டார்.

1890இல் ஜெனிவாவில் சாராசின், டி லா ரீவ் என்ற இரண்டு பேர் வெவ்வேறு அளவில் வளையங்களைச் செய்து அதே பரிசோதனையை நடத்தினார்கள். வேடிக்கையைக் கேளுங்கள்: பொறி யந்திரம் ஒன்றேதான், வளையத்தை மாற்றினால் அலையின் நீளமும் மாறிற்று! வெண்கல மணி ஒவ்வொன்றும் தட்டினால் தன் சுருதியில்தானே ஒலிக்கிறது? வளையமும் அப்படித்தான். அது அலையை அளக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பெரும்பகுதி தன்னையே அளந்துகொண்டிருந்தது. அதோடு, அவர்களுடைய சோதனைகளில் கம்பிக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. 1893இல் அதே இருவர், ரோன் நதிக்கரையில் நீர்ச் சக்கரங்களுக்காகக் கட்டிய பெரிய கூடத்தில், நீண்ட அலைகளை வைத்துக்கொண்டும் பார்த்தார்கள். இரண்டின் வேகமும் ஒன்றே. கார்ல்ஸ்ரூவின் அறை அந்தப் பெரிய அலைக்குப் போதவில்லை. சுவரும் தூணும் சேர்ந்து பேராசிரியரை ஏமாற்றியிருந்தன.

இதற்குள் ஹெர்ட்ஸ், தம் கட்டுரைகளைத் தொகுத்து 1892இல் புத்தகமாக்கியபோது, முன்னுரையில் இந்தப் பிழைகளின் கதையைத் தாமே விஸ்தாரமாக எழுதினார். பழைய கட்டுரையைத் திருத்தி, ஒன்றுமே நடக்காதது போல அச்சிட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1894ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். வயது முப்பத்தாறு. நம் வீட்டு ரேடியோவில் ஒரு காலத்தில் 'கிலோ சைக்கிள்', 'மெகா சைக்கிள்' என்று போட்டிருந்த இடத்தில் பிற்பாடு அவர் பெயரே வந்து உட்கார்ந்துகொண்டது.

வளையத்துக்கு அடுத்த தலைமுறைக் கருவியைச் செய்தவர் வியன்னாக்காரரான எர்ன்ஸ்ட் லெஹர். இரண்டு கம்பிகளைத் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இழுத்துக் கட்டினார். குறுக்கே ஒரு கம்பித் துண்டைப் போட்டு, அதை நகர்த்திக்கொண்டே போனார். கோடியில், காற்றை உறிஞ்சிய ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார். குறுக்குத் துண்டு சரியான இடத்துக்கு வந்ததும் குழாய் ஒளிர்ந்தது. பொன்மலையில் நான் பிடித்துக்கொண்டு நின்ற டியூப் லைட்டின் பாட்டனார் அந்தக் குழாய்தான்.

லெஹரின் தண்டவாளத்தை அமெச்சூர்கள் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். அதற்குக் காரணம் அமெரிக்காவில் 1912இல் போட்ட ஒரு சட்டம். நீண்ட அலைகள்தாம் உபயோகமானவை என்று எல்லாரும் நினைத்த காலம் அது. ஆகையால் 200 மீட்டருக்கு உட்பட்ட குட்டை அலைகளோடு இருந்துகொள்ளுங்கள் என்று அமெச்சூர்களை ஒதுக்கிவிட்டார்கள். விருந்தில் கடைசிப் பந்திக்காரனுக்கு அடி ரசத்தை ஊற்றிய கதை. அந்த அடி ரசத்தில்தான் ருசி இருந்தது. 1923 நவம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் லெயோன் டெலாய் என்ற அமெச்சூரும், அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் பிரெட் ஷ்னெல் என்பவரும் சுமார் 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குக் குறுக்கே பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு 80, 40, 20, 5 மீட்டர் என்று இறங்கிக்கொண்டே போனார்கள். 5 மீட்டர் அலையை அளக்கக் கடையில் கருவி ஏது? இரண்டு கம்பி, ஒரு குறுக்குத் துண்டு, ஒரு டார்ச் பல்பு, ஒரு டேப். கொல்லையில் கட்டி அளந்துகொண்டார்கள்.

அலையின் நீளம் தெரிந்துவிட்டது. ஆன்டெனா அதை முழுசும் வாங்கிக்கொள்கிறதா, பாதியைத் திருப்பி அனுப்புகிறதா என்று எப்படித் தெரியும்? இதற்கு வேறு பல உபாயங்கள் இருந்தாலும், வீட்டுக்கு வீடு புகுந்தது லூயிஸ் மக்காய் என்பவர் 1956 அக்டோபரில் 'க்யூ. எஸ். டி.' பத்திரிகையில் விவரித்த 'மோனிமேட்ச்' என்ற சிறு பெட்டிதான். கேபிள் வழியே ஓடும் மின்சாரத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு சிறு கம்பி, இரண்டு டயோடு, முள் அசையும் ஒரு மீட்டர். போகும் அலை எவ்வளவு, திரும்பும் அலை எவ்வளவு என்று இரண்டையும் காட்டிவிடும். ஒன்றுமே திரும்பாவிட்டால் கணக்கில் 'ஒன்றுக்கு ஒன்று'. உலகம் பூராவும் அமெச்சூர்கள் இந்த 'ஒன்றுக்கு ஒன்று' மோகத்தில் விழுந்தார்கள். அந்த எண் வந்துவிட்டால் மோட்சம் கிடைத்த மாதிரி. 1973இல் வால்ட்டர் மாக்ஸ்வெல் என்ற அமெரிக்கர் (பழைய மாக்ஸ்வெல்லுக்குப் பெயரில் மட்டும்தான் உறவு) அதே பத்திரிகையில் தொடர்ந்து எழுதி, திரும்புகிற அலையெல்லாம் நஷ்டமல்ல என்று இந்த மூட பக்தியைக் கண்டித்தார். அவர் சொன்னது எத்தனை பேர் காதில் ஏறிற்றோ. கொஞ்சம் யோசித்தாலே போதும்: ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருத்தமான ஒரு ரெஸிஸ்டரை வைத்தால் மீட்டர் 'ஒன்றுக்கு ஒன்று' என்று சத்தியம் செய்யும். ஒரு பொட்டு அலைகூட வீட்டு வாசலைத் தாண்டாது. அத்தனையும் சூடாகிப் போகும். இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு, உள்ளங்கையில் அடங்குகிற கருவி வந்திருக்கிறது. கணக்கையெல்லாம் வர்ணக் கோடுகளாகத் திரையில் போட்டுக் காட்டுகிறது. அதனிடமும் ரெஸிஸ்டரை நீட்டினால் அதே சத்தியத்தைத்தான் செய்யும்.

சித்தப்பா பொன்மலையில் தம் பெட்டியைச் செய்து முடித்தது 1975 ஐப்பசியில். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய மீட்டர். பிஸ்கட் தகரத்தில் பெட்டி. அதற்குப் பல மாசம் முன்பே இன்னொரு கருவியும் செய்திருந்தார். அது எனக்காக. சோப்பு டப்பாவில் ஒரு ஜெர்மானியம் டயோடு, டேப் ரிக்கார்டரிலிருந்து கழற்றிய குட்டி மீட்டர், மேலே ஏரியலாக ஒரு குடைக்கம்பி. பாட்டரிகூடக் கிடையாது. காற்றில் வருகிற அலையே முள்ளைத் தள்ள வேண்டும். கிணற்றடியில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தார். அந்தக் கோட்டில் நின்று பார்த்து நான் கத்த வேண்டும், அவர் நோட்டில் எழுதுவார். அளக்கிற அன்றைக்கு மட்டும் சித்தி துணி உலர்த்தும் இரும்புக் கொடியை அவிழ்த்துவிடுவார். கார்ல்ஸ்ரூவில் வாயு விளக்கைக் கழற்றிய கதையை நான் பின்னால் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சித்தியின் முகம்தான்.

ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் புதுப் பெட்டியை இணைத்துப் பார்த்தார். ஒன்றுக்கு ஒன்று! முள் பூஜ்யத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கோடையில் அந்த ஆன்டெனாவில் எங்கேயோ கொஞ்சம் குறை இருப்பதாக அவரே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பகவானே வந்து சரி செய்துவிட்டுப் போனது போல் இருந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த அமெச்சூர்கள் பதினொரு பேருக்குக் கார்டு எழுதினார். கம்பி இன்ன நீளம், கேபிள் இன்ன நீளம், இந்தப்படி கட்டினால் 'ஒன்றுக்கு ஒன்று' நிச்சயம்.

அதற்கப்புறம் பத்து நாள் அவர் சாவியைத் தட்டினார். பதில் வரவில்லை. இரண்டு மைல் தள்ளியிருந்த நண்பர் மட்டும் மெலிசாகக் கேட்கிறது என்றார். வானிலை சரியில்லை என்று சித்தப்பா சொன்னார். சூரியனில் புள்ளி குறைந்துவிட்டது என்றார். பதினோராம் நாள், ஏதோ நினைத்துக்கொண்டவர் போல், சோப்பு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கோட்டிலேதானே நிக்கறே?"

"கோட்டிலேதான் சித்தப்பா."

"எவ்வளவு?"

"எட்டு."

நோட்டில் கோடைக் கணக்கு நாற்பத்திரண்டு என்றிருந்தது. வெளியே வந்து, என்னைத் தோளைப் பிடித்து அரையடி நகர்த்தி நிறுத்தினார். கொடிக்கம்பி அவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்தார். டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் தாமே கோட்டில் நின்றுகொண்டு, என்னை உள்ளே போய்ச் சாவியை அழுத்தச் சொன்னார். லைசென்ஸ் இல்லாதவன் நான். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே சட்ட விரோதம் அநேகமாக அதுதான். அவருக்கும் எட்டுதான் காட்டிற்று.

ஒன்றும் பேசாமல் ஏணியைப் போட்டு ஏறிக் கேபிளை அவிழ்த்துக்கொண்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பேனாக் கத்தியால் நீளவாக்கில் கீறினார். உள்ளே பளபளவென்று இருக்க வேண்டிய தாமிரப் பின்னல் பச்சையாகக் களிம்பேறி, கையில் எடுத்தால் மாவாக உதிர்ந்தது. மழைத் தண்ணீர் மேல்நுனி வழியாகப் புகுந்து முழு நீளத்துக்கும் இறங்கியிருந்தது. போகிற அலையில் பெரும்பகுதி வழியிலேயே செத்தது. ஆன்டெனா திருப்பி அனுப்பிய கொஞ்சமும் திரும்பும் வழியில் செத்தது. மீட்டருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. திரும்பி வராததால் அது 'ஒன்றுக்கு ஒன்று' என்றது. அது பொய் சொல்லவில்லை, பாவம். அதனிடம் கேட்ட கேள்வி வேறு.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைக் கூப்பிட்டார். என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருக்கும். பதினொரு கார்டுகளை முன்னால் வைத்தார்.

"எதுக்குங்க இதெல்லாம்? புதுக் கேபிள் போட்டாச்சின்னா சரியாப் போச்சு. அவங்களுக்குத் தெரியவா போவுது?" என்றாள் சித்தி.

"அவங்களும் அந்தப்படி கட்டியிருப்பாங்களே" என்றார் சித்தப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "எழுது" என்றார்.

'நான் முன் கார்டில் எழுதிய அளவு தவறு. என் கேபிள் கெட்டிருந்தது. மீட்டரை நம்பி எழுதிவிட்டேன். ஆன்டெனாவிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று காற்றில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொள்ளவும்.' இவ்வளவுதான் வாசகம். பதினொரு தடவை எழுதினேன். பதினொன்றிலும் அவர் கையெழுத்துப் போட்டு, மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதியிருந்தார். சித்தப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு பிஸ்கட் தகரப் பெட்டியின் மேல் சாத்தி வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் எடுத்துப் பார்த்தேன். நலம், நலமறிய ஆவல் எல்லாம் போக, விஷயம் இரண்டே வரி.

'தங்கள் கார்டு கிடைத்து, என் கேபிளையும் அறுத்துப் பார்த்தேன். பச்சை.'